ஸ்கொலர்ஷிப் தட்டில் இருந்த டிவிகள்

1. வாசலில் நின்று கத்திய பெண்

டிவியில் ஒரு பழுதும் இல்லை என்று ஒரு பிள்ளையிடம் உண்மையைச் சொன்னதற்காக, என் கடை வாசலில் நின்று ஒரு தாய் கத்தினாள். ஒழுங்கை முழுக்கக் கேட்டது. மீன் வாங்கிக்கொண்டு திரும்பிய சனமெல்லாம் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

"பழுதெண்டு சொல்லுங்கோ எண்டு உங்களைக் கெஞ்சிக் கேட்டனான் அக்கா! என்ர பிள்ளையின்ர வாழ்க்கையை நாசமாக்கிப் போட்டீங்களே!"

நான் கையில் இருந்த சோல்டரிங் அயனைக் கீழே வைக்கவில்லை. "பழுதில்லாததைப் பழுதெண்டு சொல்ல எனக்கு வாய் வராது. நீ டிவியைத் தரேக்கையே அதைச் சொன்னனான். ஆர் வந்து கத்தினாலும் வராது," என்றேன்.

டிவி திருத்துகிற இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் பேக்லைட் எப்படி மாற்றுவது, பேனலில் கோடு விழுந்தால் காப்பாற்றலாமா என்பதுதான். அதையெல்லாம் நீங்கள் போனில் பார்த்தே படித்துவிடுவீர்கள். போன வருஷம் கடையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். எழுதத் தொடங்கினால் இந்தச் சண்டையைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. அந்தத் தாய் ஏன் கத்தினாள், நான் ஏன் அடுத்த நாளே ஒரு தட்டைக் காலி செய்தேன் என்று சொல்கிறேன்.

2. ஆம்பிளையள் இல்லையோ?

கடை, திருகோணமலையில் உட்துறைமுகத்துக்கு இறங்குகிற ஒரு சின்ன ஒழுங்கையில் இருந்தது. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு நான் கடை திறந்த முதல் நாள், ஒருவர் முச்சக்கர வண்டியில் பெட்டி டிவி ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, கடையில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?"

"இருக்கினம் ஐயா. உங்கட டிவிக்குள்ளதான் இருக்கினம். திருத்தினால் தெரிவினம்."

மனுஷன் சிரித்துவிட்டார். டிவியை வைத்துவிட்டும் போனார். அன்றிலிருந்து ரெஜினாவின் கை நல்ல கை, வாய்தான் பொல்லாதது என்று ஊரில் பெயர். இரண்டும் சரிதான்.

இந்த ஊரில் டிவிக்கு முதல் எதிரி உப்புக்காற்று. பவர் போர்டைத் தின்றுவிடும். கடலோரத்து உப்புவெளிப் பக்கத்து டிவிகளைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பூஞ்சணம் பூத்திருக்கும். இரண்டாவது எதிரி ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை, ஊர்வாயில் ஸ்கொலர்ஷிப். அது போர்டைத் தொடாது. ஆனால் வருஷா வருஷம் அது படுக்கப் போட்ட டிவிகள், உப்புக்காற்று படுக்கப் போட்டதைவிடக் கூட.

3. வருத்தமில்லாமல் வந்து படுத்தவை

விளங்கச் சொல்கிறேன். ஒரு வீட்டில் பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் அந்த வருஷம் அந்த வீட்டுக்கு விளையாட்டு இல்லை, கல்யாண வீடு இல்லை, டிவி இல்லை. முந்தி டிவியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். இப்போதைய டிவிகள் அலுமாரிக்குள் அடங்காது. அதனால் ஒரு புது வழி கண்டுபிடித்தார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரம் டிவியைக் கழற்றி என்னிடம் கொண்டு வருவார்கள். பிள்ளைக்கு "டிவி பழுதாப் போச்சு" என்று சொல்வார்கள். பரீட்சை முடிந்த கையோடு "திருத்தியாச்சு" என்று தூக்கிக்கொண்டு போவார்கள்.

எங்கள் பக்கத்தில் பேர்போன டியூஷன் வாத்தியார் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் 'சேர்'. அவரே பெற்றோர் கூட்டத்தில் "ரெஜினா அக்காவிட்டைக் குடுத்திடுங்கோ" என்று சொல்வாராம். இப்படி வந்த டிவிகளுக்கென்றே கடையில் ஒரு தட்டு ஒதுக்க வேண்டியதாயிற்று. ஸ்கொலர்ஷிப் தட்டு என்று அதற்குப் பெயர் வைத்தேன். நோய் வருத்தம் ஒன்றும் இல்லாத டிவிகள் வரிசையாகப் படுத்திருக்கும். பார்த்தாலே பத்திக்கொண்டு வரும்.

தாய்மார் வந்து கண்ணைக் கசக்கினால் எனக்கு மறுக்க வராது. ஆனால் எல்லோரிடமும் ஒன்று சொல்லித்தான் வாங்குவேன்: "வைச்சிருக்கிறன். பிள்ளை வந்து கேட்டால் பொய் சொல்ல மாட்டன்." பிள்ளைகள் எங்கே வரப்போகின்றன என்று எல்லோரும் சிரித்துவிட்டுப் போவார்கள். பொய் சொல்ல மாட்டேன் என்றதற்கு நான் பெரிய புனிதை என்பது காரணம் இல்லை. ஒரு தரம் சந்தையில் ஒரு பொடியன் தகப்பனிடம் என்னைக் காட்டி, "அப்பா, எங்கட டிவியைத் திருத்தத் தெரியாத அக்கா இவாதானே?" என்று உரத்துக் கேட்டான். தகப்பன் தேங்காய் பார்ப்பது போல் தலையைக் குனிந்துகொண்டான். என் தொழில்மானம் போயிற்று. யாரோ பெற்ற பிள்ளைக்காக நான் ஏன் கெட்ட பெயர் வாங்க வேண்டும்?

டிவியில் பிள்ளைகள் நல்லதுதான் படிக்கின்றன என்று நான் சத்தியம் பண்ண வரவில்லை. நாடகம் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் போகச் சொன்னதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மயங்கி விழுந்த ஒரு பெட்டையை எனக்குத் தெரியும். விழுவதற்கு முன் பின்னால் தலையணை இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு விழுந்தாளாம். ஆனால் கிண்ணியாவில் இருந்து வருகிற ஒரு வியாபாரியின் மகன் இருக்கிறானே, சிங்களத்தில் வருகிற கார்ட்டூனைப் பார்த்துப் பார்த்தே சிங்களம் பிடித்துவிட்டான். ஒருவரும் அவனுக்குப் படிப்பிக்கவில்லை. வாப்பாவின் கடைக்கு வருகிற லொறிக்காரரோடு இப்போது அவன்தான் கதைக்கிறான். அந்த வாப்பாதான் மற்ற மகன் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது டிவியைக் கொண்டு வந்து தந்தவர்! "நானா, மூத்தவன் எதில சிங்களம் படிச்சவன்?" என்று அந்த அண்ணனைக் கேட்டேன். "அது வேற கதை தங்கச்சி," என்றார். எப்படி வேறு கதை என்று இன்றுவரை சொல்லவில்லை.

4. செய்தி பார்க்க வந்த பொடியன்

வாசலில் கத்தியவள் பெயர் சுகந்தி. உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் துணி துவைக்கிறவள். கணவன் கடலுக்குப் போகிறவன். பொழுதுபட வள்ளத்தைத் தள்ளினால் விடியத்தான் கரைக்கு வருவான். மூத்தவள் தர்ஷி, அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு. இளையவன் மதுஷனுக்கு ஆறு வயது. அவனுக்குப் பிறவியிலேயே காது கேளாது, அதனால் பேச்சும் வரவில்லை. அப்படியான பிள்ளைகளுக்குரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதென்றால் தூரத்தில் கொண்டுபோய் விடுதியில் விட வேண்டும். சுகந்திக்கு மனம் வரவில்லை. சாப்பிடு, படு, வா, அடிப்பேன் என்ற சைகைகளோடு அந்த வீட்டில் அவனுடைய நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

டிவியைத் தந்த அன்று சுகந்தி சொன்னதை நான் மறக்கவில்லை. "இவள் பாஸ் பண்ணினால் நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கும் அக்கா. என்னைப் போல ஆரோ ஆக்களின்ர அழுக்கைத் தோய்ச்சுக்கொண்டு இருக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்." அவள் கை விரல்களைப் பார்த்தேன். சவர்க்காரத்தில் ஊறி வெடித்திருந்தன. அவள் ஆசையில் என்ன பிழை?

கொஞ்ச நாள் போக, ஒரு சனிக்கிழமை தர்ஷி தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி என் கடைக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, எங்கட டிவிக்கு என்ன பழுது?"

"ஒரு பழுதும் இல்லை," என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. "எனக்குத் தெரியும். அம்மா கழட்டுறதுக்கு முதல் நாளும் நல்லா வேலை செய்தது," என்றாள்.

"அப்ப என்னத்துக்கு வந்தனீ? கார்ட்டூன் பாக்கவோ?"

"இல்லை அக்கா. தம்பிக்குச் செய்தி பாக்க வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆறு வயசுப் பொடியனுக்குச் செய்தியோ? பாராளுமன்றத்துக்கு எலெக்ஷன் கேட்கப் போறானோ?"

அவள் சிரிக்கவில்லை. "செய்தியில மூலைக்க ஒரு அன்ரி காது கேளாத ஆக்களுக்குக் கையால சொல்லுவாதானே? எனக்குக் காது கேக்கும். வாசிக்கிறவர் மழை எண்டு சொல்லேக்க அன்ரி கையால என்ன செய்யிறா எண்டு பாப்பன். ஒரு நாளில பிடிபடாது. திருப்பித் திருப்பி வந்தால் பிடிபடும். பிறகு மழை பெய்யேக்க தம்பியை வெளியில கூட்டிக்கொண்டுபோய் அதைச் செய்து காட்டுவன். இப்ப அவனுக்குக் கனக்கத் தெரியும்."

"எங்கே, ஒண்டு செய்து காட்டு."

தர்ஷி இரண்டு கையையும் முன்னால் நீட்டி அலை போல அசைத்தாள். பொடியன் உடனே திரும்பித் துறைமுகப் பக்கம் கையைக் காட்டினான். எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது.

"இதை அம்மாவுக்குச் சொன்னனீயோ?"

"சொன்னனான். கையை ஆட்டி விளையாடாமல் பழைய பரீட்சைப் பேப்பரைச் செய் எண்டு ஏசினவா."

போனில் பார்க்க ஏலாதா என்று கேட்டேன். தாயிடம் இருந்தது பட்டன் போன். தகப்பனிடமும் அதுதான். பக்கத்து வீட்டில் அந்த நேரம் நாடகம். எல்லாவற்றையும் அவள் ஏற்கனவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அந்தப் பெரிய டிவியை இரண்டு குஞ்சுகளிடமும் கொடுத்து பஸ்ஸில் ஏற்ற ஏலாது. "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. நான் கதைக்கிறன்," என்று சொல்லி அனுப்பினேன்.

அவள் வீட்டில் போய் டிவியில் பழுதில்லையாம் என்று சொன்னாள். அதற்குப் பிறகுதான் சுகந்தி வந்து வாசலில் நின்று கத்தினாள்.

5. கத்தினது போதும், இரு

சுகந்தி தனியாக வரவில்லை. பின்னால் தர்ஷி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள். சுகந்தி ஒரு கையில் மதுஷனை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவன் திமிறிக்கொண்டு நின்றான்.

"இவள் படிக்கிறாளில்லை. தம்பி தம்பி எண்டு திரியிறாள். இந்தப் பொடியனெண்டால் டிவி இல்லாமல் விசர் பிடிச்சு நிக்குது! பின்னேரமானால் தேப்பன்ர காலைக் கட்டிப் பிடிக்கிறான். விடுறானில்லை. அடிச்சும் பாத்திட்டன். இண்டைக்கு இவனை இழுத்துக்கொண்டு வந்தபடியாத்தான் அந்த மனிசன் வள்ளத்தடிக்குப் போகலாம். எல்லாம் உந்த டிவியால வந்த பிடிவாதம். நீங்களும் அதுக்கு ஒத்து ஊதுறீங்கள்!"

நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். "கத்தினது போதும், இரு. தண்ணியைக் குடி. இன்னும் கொஞ்ச நேரத்தில செய்தி போகும். அதைப் பாத்திட்டு மிச்சத்தைக் கத்து."

"எனக்கு என்னத்துக்குச் செய்தி?"

"உனக்கில்லை. உன்ர மகனுக்கு."

ஸ்கொலர்ஷிப் தட்டில் இருந்து அவர்களுடைய டிவியையே இறக்கினேன். கடை டிஷ் வயரைச் செருகிப் போட்டேன். படம் வந்ததும் பொடியன் தாயின் கையை உதறிவிட்டு ஓடி வந்து திரைக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தான். செய்தி தொடங்கியது. அமைச்சர் ஒருவர் ஏதோ திறந்து வைத்தார். எங்கோ வீதியை மறித்து ஆட்கள் நின்றார்கள். அரிசி விலை சொன்னார்கள். பொடியன் மூலையில் இருந்த பெண்ணை மட்டும் பார்த்தான். இடைக்கிடை ஒரு சைகையைத் தன் கையால் செய்து பார்த்தான், விட்டான்.

"பாருங்கோ, இப்பிடித்தான் விளையாடுறவன்," என்றாள் சுகந்தி.

"வாயை மூடிக்கொண்டு பார்," என்றேன்.

கடைசியில் காலநிலை வந்தது. இலங்கைப் படத்தைச் சுற்றிக் கடலைக் காட்டி, மீனவர்களுக்கான அறிவித்தல் வாசித்தார்கள். பொடியன் முழங்காலில் எழும்பி நின்றான். கண் வெட்டவில்லை. அறிவித்தல் முடிந்ததும் திரும்பினான். என்னைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. தாயைப் பார்த்தான். இரண்டு கையாலும் அலை செய்தான். கன்னத்துக்குப் பக்கத்தில் கையை வீசினான். பிறகு இல்லை என்று கையை ஆட்டினான். மேலுதட்டில் விரலை வைத்து மீசை முறுக்கினான். வாசலுக்கு வெளியே கையைக் காட்டினான். காட்டிவிட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். "என்னவாம்?"

எனக்கென்ன தெரியும்? நான் தர்ஷியைப் பார்த்தேன்.

"கடலில காத்து இல்லையாம் அம்மா. அப்பா போகலாமாம்."

சுகந்திக்கு விளங்கவில்லை. அல்லது விளங்கியும் நம்ப ஏலவில்லை. தர்ஷிதான் மெதுவாகச் சொன்னாள். "கார்த்திகையில அப்பா காத்துக்குள்ள மாட்டினவரெல்லோ. அடுத்த நாள் மத்தியானம்தானே வந்தவர். நீங்கள் கடற்கரையில கிடந்து அழுது குளறினீங்கள். இவனும் அங்கதான் நிண்டவன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் செய்தியில பாத்திட்டுத்தான் அப்பாவைப் போக விடுறவன். இப்ப டிவி இல்லை. காத்து வருமோ வராதோ எண்டு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

டிவியில் விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ கடவுளே, அதுக்கெல்லோ நான் அடிச்சுப் போட்டன்," என்று சுகந்தி தலையில் கை வைத்தாள்.

தகப்பனுக்குக் காற்று வருவது தெரியாமல் இருக்குமா? போனில் வரும். மீனவர் சங்கத்தில் சொல்வார்கள். கடற்கரையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை அந்தப் பிள்ளைக்குச் சொல்ல மட்டும் ஒருவருக்கும் வழி தெரியவில்லை. அவன் தானே ஒரு வழி தேடிக்கொண்டான். நாங்கள் பெரியவர்கள் கூடி அதைக் கழற்றி முச்சக்கர வண்டியில் ஏற்றித் தட்டில் அடுக்கினோம். நினைக்க எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என்மேலும்தான்.

சுகந்தி தலையில் இருந்து கையை எடுத்தாள். பிறகு மகளைக் கேட்டாள். "மோள், அப்பா விடியத் திரும்பி வருவார் எண்டு எப்பிடிச் சொல்றது?"

தர்ஷி யோசித்தாள். "விடிய எண்டது இன்னும் பிடிபடேல்லை அம்மா. வருவார் எண்டு சொல்லலாம்."

தர்ஷி செய்து காட்டினாள். சுகந்தி மேலுதட்டில் விரலை வைத்து மீசை முறுக்கினாள். அலை செய்தாள். வெளியே இருந்து உள்ளே கையை இழுத்தாள். பொடியன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தெரியும் என்பது போல் தலையாட்டினான். சாப்பிடு, படு, வா, அடிப்பேன் என்பவற்றைத் தவிர அவள் அவனிடம் சொன்ன முதல் வசனம் அது.

"இதைக் கொண்டு போறன் அக்கா," என்று டிவியைக் காட்டினாள். முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கட்டிக் கொடுத்தேன்.

6. சேர் வந்தார்

அடுத்த நாளே தட்டில் இருந்த டிவிகளின் சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் எடுத்தேன். வந்து தூக்கிக்கொண்டு போங்கள், இனி வேலை செய்கிற டிவியை நான் பொறுப்பெடுக்க மாட்டேன் என்று சொன்னேன். சிலர் ஏசினார்கள். சிலர் கெஞ்சினார்கள். தட்டு காலியானது. அதில் பழைய ரிமோட்டுகளை அடுக்கினேன்.

டியூஷன் சேர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"நீங்கள் பிள்ளையளின்ர எதிர்காலத்தோட விளையாடுறீங்கள் அக்கா. ஒரு பிள்ளைக்கு நடந்ததுக்காக எல்லாருக்கும் டிவியைத் திறந்து விட ஏலுமோ?"

"திறந்து விடச் சொல்லேல்லை சேர். பூட்டுறதெண்டால் பூட்டுங்கோ. பூட்டுறதுக்கு முன்னம் ஒரு கிழமை முழுக்கப் பிள்ளைக்குப் பக்கத்தில இருந்து, அது என்னத்தைப் பாக்குது, என்னத்துக்குப் பாக்குது எண்டு பாருங்கோ. பிறகு பூட்டுங்கோ. பிள்ளைக்கு உண்மையைச் சொல்லிப் பூட்டுங்கோ."

"தாய்தேப்பனுக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்?"

"டிவியைக் கழட்டி ஏத்திக்கொண்டு இவ்வளவு தூரம் வர நேரமிருக்குதே சேர்! அந்த நேரம் போதும்."

சேருக்கு முகம் கறுத்துவிட்டது. அதன் பிறகு பெற்றோரை வேறு கடைக்கு அனுப்பினார். அனுப்பட்டும். இன்றைக்கும் சந்தையில் கண்டால் அவர் அந்தப் பக்கம் பார்ப்பார், நான் நேரே பார்ப்பேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவர் சொன்னதற்கு நான் அன்று தலையாட்டவில்லை, இனியும் ஆட்டப் போவதில்லை.

கடை வைத்திருக்கிற பிள்ளைகளே, நான் படித்தது இதுதான். நன்றாக வேலை செய்கிற டிவியைக் கொண்டு வந்து பழுதென்று சொல்லச் சொல்கிறவர்கள் உங்களிடமும் வருவார்கள். வாங்காதீர்கள். "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, போட்டுப் பாப்பம்," என்று சொல்லுங்கள். பெட்டியைக் கழற்றினால் போர்டில் என்ன பிழை என்று தெரியும். பிள்ளை அதன் முன்னால் ஏன் இருக்கிறது என்று தெரிய, நீங்களும் பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும். அதற்கு மீட்டர் கிடையாது.

இதை நான் யாரிடம் சொன்னாலும் எல்லோரும் கடைசியில் கேட்பது ஒரே கேள்விதான். "அது சரி அக்கா, அந்தப் பெட்டை ஸ்கொலர்ஷிப் பாஸோ?" எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். கேட்கிறவர் எந்தப் பெரிய ஆளாக இருந்தாலும் சொல்ல மாட்டேன். பாஸ் என்றால் டிவி நல்லது, பெயில் என்றால் டிவி கூடாது என்று எழும்பிப் போய்விடுவீர்கள். மதுஷனை அதோடு மறந்துவிடுவீர்கள்.

போன மாதம் உப்புவெளியில் ஒரு வேலையாகப் போனபோது அந்த வீட்டுக்கும் போனேன். செய்தி நேரம். நாலு பேரும் திரைக்கு முன்னால் இருந்தார்கள். காலநிலை முடிந்ததும் தகப்பன் மகனைப் பார்த்து, அலை செய்து, மீசையைத் தொட்டு, போகட்டுமா என்று கையால் கேட்டான். பொடியன் உடனே பதில் சொல்லவில்லை, கொஞ்சம் யோசித்தான். அவன் தலையாட்டிய பிறகுதான் தகப்பன் எழும்பி வலையை எடுத்தான்.